உடைப்பதா, விடுவதா? வாஸ்லினா, டேப்பா? மாரத்தான் பயிற்சியில் கால் கொப்புளம்

டிசம்பர் முதல் ஞாயிறு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் 26 கிலோமீட்டர் ஓடி முடித்து வந்து ஷூவைக் கழற்றினேன். வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு நீர் கோத்திருந்தது. ஜனவரி சென்னை மாரத்தானுக்கு ஐந்து வாரம்தான் பாக்கி. அடுத்த ஞாயிறு 30 ஓடியாக வேண்டும். மூச்சு நன்றாக இருந்தது, முட்டி நன்றாக இருந்தது. ஒரு துண்டுத் தோல்தான் வழியை மறித்துக்கொண்டு நின்றது.

அன்று காலை மட்டும் ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொன்னார்கள். உடனே உடைத்துவிடு என்றார் ஒருவர், தொடவே தொடாதே என்றார் இன்னொருவர். இனிமேல் வாஸ்லின் தடவிக்கொண்டு ஓடு, இல்லை டேப் ஒட்டு, இல்லை விரல் விரலாகப் பிரிந்த சாக்ஸ் வாங்கு. எல்லோரும் ஓடி அனுபவப்பட்டவர்கள், யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் ஓடும் தூரத்துக்கு அவரவர் சொன்னது சரியாகவே இருந்திருக்கும். அதன் பிறகு தேடிப் படித்தேன், ஒவ்வொன்றையும் என் காலிலேயே ஓட்டிப் பார்த்தேன். இங்கே எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்து ஒப்பிடுகிறேன்: வியர்வையில் ஊறிய ஷூவுக்குள் நான்கு, நான்கரை மணி நேரம் அது தாங்குமா? 10 கிலோமீட்டருக்குப் பொருந்துகிற பல வழிகள் 42.195 கிலோமீட்டரில் பாதியிலேயே கைவிட்டுவிடுகின்றன.

முதலில் கொப்புளம் எப்படி வருகிறது என்பதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பல தவறான முடிவுகள் அங்கிருந்துதான் வருகின்றன. செருப்புக்கடி என்று நாம் சொல்லும்போது மேல்தோல் தேய்ந்து புண்ணாவதைத்தான் நினைக்கிறோம். கொப்புளம் அப்படியல்ல. புறங்கையில் ஒரு விரலை அழுத்தி வைத்து, விரல் வழுக்காமல் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். விரலோடு தோல் ஒட்டிக்கொண்டு நகர்கிறது, அடியில் இருக்கும் எலும்பு நகர்வதில்லை. ஓடும்போது இதே தான் தலைகீழாக நடக்கிறது. தோல் சாக்ஸோடு ஒட்டி நிற்கிறது, உள்ளே எலும்பு ஒவ்வோர் அடிக்கும் முன்னும் பின்னும் போகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட தோல் அடுக்கு ஆயிரக்கணக்கான முறை இழுபட்டு, உள்ளுக்குள்ளேயே கிழிகிறது. அந்தக் கிழிசலில் நீர் நிறைகிறது. மேலே தடித்த தோல் மூடியிருப்பதால் வெளியே வர வழியில்லை. உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் கொப்புளம் அதிகம் வருவதற்குக் காரணம் இதுதான்.

ஈரமான தோல் உலர்ந்த தோலைவிட அதிகமாக ஒட்டும். சென்னையில் ஜனவரி விடியற்காலையிலும் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை சீக்கிரம் காயாது. ஆக, நம் ஊர் ஓட்டக்காரருக்குக் கொப்புளம் வருவது கால் மென்மையாக இருப்பதால் மட்டும் அல்ல. வியர்வை, வெப்பம், மணிக்கணக்கு, இந்த மூன்றும் சேர்ந்துதான்.

உடைப்பதா, விடுவதா

எங்கள் குழுவில் நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் ஒருவர் இருக்கிறார். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பல வருடம் பாதயாத்திரை நடந்தவர். தார்ச்சாலையில் நாள்கணக்கில் நடந்து கொப்புளத்தை எல்லா வடிவத்திலும் பார்த்தவர். என் காலைப் பார்த்ததும் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "நீரை வேணா எடு கண்ணு, தோலை மட்டும் உரிச்சிடாத." நான் படித்த எந்த மருத்துவ அறிவுரையும் இதற்கு மாறாக இல்லை.

விட்டுவிடுவதில் உள்ள நன்மை தெளிவானது. மூடிய கொப்புளத்துக்குள் கிருமி போகாது. அந்த மேல்தோலைப் போன்ற கட்டுத்துணி எந்தக் கடையிலும் கிடைக்காது. உள்ளே இருக்கும் நீரை உடலே திரும்ப எடுத்துக்கொள்ளும். பட்டாணி அளவில், வலி இல்லாமல், எடை விழாத இடத்தில் இருந்தால் இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை, அப்படியே விடுங்கள். ரத்தம் கோத்த கருஞ்சிவப்புக் கொப்புளத்தையும் விட்டுவிடுவதுதான் நல்லது, அங்கே காயம் ஆழமாக இருக்கிறது.

ஆனால் என்னுடையதைப் போலப் பெரிதாக, விறைப்பாக, பாதத்தின் முழு எடையும் விழும் இடத்தில் இருந்தால்? நீங்கள் உடைக்காவிட்டால் அடுத்த ஓட்டம் உடைக்கும். ஷூவுக்குள், அழுக்குச் சாக்ஸில், மேல்தோல் முழுதாகக் கிழிந்து உடையும். அதைவிட வீட்டில் சுத்தமாக நீரை வெளியேற்றுவது மேல் என்பது என் முடிவு. கொப்புளத்தின் நீரை முதல் 24 மணி நேரத்துக்குள் இரண்டு மூன்று முறை வெளியேற்றினால் மேல்தோல் அடித்தோலோடு நன்றாக ஒட்டிக்கொள்கிறது என்று 1960களிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு முறை குத்திவிட்டு மறந்துவிட்டால் ராத்திரிக்குள் மறுபடி நீர் கோத்துக்கொள்ளும். எனக்கு அப்படித்தான் ஆனது.

செய்யும் முறையில் அவசரம் கூடாது. சோப்புப் போட்டுக் கையையும் காலையும் கழுவ வேண்டும். மருந்துக்கடையில் உறையிட்ட புது ஊசி, அதாவது சிரிஞ்சில் மாட்டும் ஊசி, சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. சேஃப்டி பின்னைத் தீக்குச்சியில் காட்டிக் குத்தும் பழக்கத்தை விட்டுவிடலாம், அதில் கரிதான் ஒட்டுகிறது. கொப்புளத்தின் மேல் பெட்டாடின் தடவி, உச்சியில் குத்தாமல், ஓரத்தில், நீர் தானாக வடியும் கீழ்ப்பக்கத்தில் இரண்டு மூன்று சின்னத் துளைகள் போட வேண்டும். சுத்தமான துணியால் மெல்ல ஒற்றி எடுத்து, கிருமிநாசினி களிம்பு தடவி மூடிவிட வேண்டும். ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டு வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. நீர் வடிய வழி கிடைப்பது உண்மைதான், ஆனால் அதே நூலைப் பிடித்துக்கொண்டு கிருமியும் உள்ளே போகிறது. இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. சர்க்கரை கட்டுப்பட வேண்டும் என்றே ஓட ஆரம்பித்தவர்கள் எங்கள் குழுவிலேயே நிறைய. பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது, ஆறவும் தாமதமாகும். அவர்கள் ஊசியைக் கையில் எடுக்கவே கூடாது, மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஓடி முடித்ததும் உள்ளங்காலைக் கண்ணால் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

மற்றவர்களும் சில அறிகுறிகளைக் கண்டால் காத்திருக்கக் கூடாது: சுற்றிலும் சிவந்து சூடாவது, சீழ், காலில் மேல்நோக்கிச் செல்லும் சிவப்புக் கோடு, தொடை இடுக்கில் நெறி கட்டுவது, காய்ச்சல். 1924இல் அமெரிக்க அதிபர் கால்வின் கூலிட்ஜின் 16 வயது மகன், வெள்ளை மாளிகை மைதானத்தில் சாக்ஸ் போடாமல் டென்னிஸ் ஆடினான். கால் விரலில் ஒரு கொப்புளம் வந்தது. அதில் கிருமி புகுந்து ரத்தத்தில் பரவி, சில நாளிலேயே அவன் இறந்துபோனான். அன்று ஆன்டிபயாட்டிக் கிடையாது, இன்று இருக்கிறது. ஆனால் மருத்துவரிடம் நேரத்தோடு போனால்தான் அது உதவும்.

எதைக்கொண்டு மூடுவது

சாதாரண பேண்ட்-எய்ட் வீட்டில் இருக்கும்போது போதும். ஓட்டத்துக்கு வேண்டாம். நடுவில் இருக்கும் பஞ்சு வியர்வையில் ஊறி நகர்ந்து, சுருண்டு, அதுவே புதுக் கொப்புளத்துக்கு வழி செய்கிறது.

ஹைட்ரோகொல்லாய்ட் பிளாஸ்திரி என்று ஒன்று இருக்கிறது. காம்பீட் போன்ற பெயர்களில் ஐரோப்பாவில் எங்கும் விற்பார்கள், இங்கே பெரும்பாலும் இணையத்தில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. காயத்து நீரை உறிஞ்சி ஜெல் போல ஆகி, மெத்தை போல நின்று, சில நாள் அப்படியே ஒட்டியிருக்கும். மேல்தோல் ஏற்கெனவே பிய்ந்துபோன கொப்புளத்துக்கு இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. ஒட்டிய ஒரு மணி நேரத்தில் வலி பாதியாகக் குறைந்தது. ஆனால் மேல்தோல் முழுதாக இருக்கும் கொப்புளத்தில் இதை ஒட்டினால், கழற்றும்போது அந்தத் தோலையும் சேர்த்துப் பிய்த்துவிடும். கிருமி புகுந்த சந்தேகம் இருந்தால் ஒட்டவே கூடாது. நம் வெயிலில் ஓரங்கள் சுருண்டு சாக்ஸில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. உள்ளங்கைகளுக்கு நடுவில் கொஞ்சம் சூடாக்கி ஒட்டி, மேலே ஒரு டேப் போட்டால் ஓரளவு நிற்கிறது.

தோல் பிய்யாத கொப்புளத்துக்கு நான் செய்வது பழைய முறை: களிம்பு, மெல்லிய காஸ் துணி, அதற்கு மேல் டேப். செலவு குறைவு, தினமும் திறந்து பார்க்கவும் முடிகிறது.

வராமல் தடுப்பதில் எது

இங்கேதான் ஆளுக்கொரு கட்சி. நானும் இதில்தான் அதிக நாள் செலவழித்தேன்.

வாஸ்லினிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதை நான் இரண்டு வருடம் நம்பினேன். ஒரு மணி நேர ஓட்டத்தில் அது அருமையாக வேலை செய்யும். விரல் இடுக்குகளிலும் குதிகாலிலும் தடவிக்கொண்டு 10 கிலோமீட்டர் ஓடினால் ஒரு கீறல் இருக்காது. நீண்ட ஓட்டத்தில் கதை மாறுகிறது. தோலின் உராய்வை அளந்து பார்த்த பழைய சோதனை ஒன்றில், பிசுக்கான களிம்பு தடவியதும் உராய்வு குறைந்தது, நேரம் போகப்போக ஏறியது, மூன்று மணி நேரத்துக்குப் பிறகு எதுவும் தடவாத தோலைவிட அதிகமாகவே இருந்தது. என் 26 கிலோமீட்டரும் ஏறக்குறைய மூன்று மணி நேரம்தான். அன்று நான் காலில் தடவியிருந்தது வாஸ்லின். களிம்பு சாக்ஸுக்குள் இறங்கிவிடுகிறது, ஊறிப்போன தோல் மட்டும் மிஞ்சுகிறது. நடுவழியில் நின்று, ஷூவைக் கழற்றி, மறுபடி தடவத் தயாராக இருப்பவருக்கு இது பொருந்தும். தேங்காய் எண்ணெய்க்கும் இதே பதில்தான், அது இன்னும் சீக்கிரம் இறங்கிவிடும்.

டேப் பக்கம் இருக்கும் ஆதாரம் கொஞ்சம் வலுவானது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மருத்துவர் ஒருவர் தலைமையில், 250 கிலோமீட்டர் பல நாள் பந்தயங்களில் ஓடிய 128 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2016இல் வெளியிட்டார்கள். பயன்படுத்தியது விலையுயர்ந்த பொருள் எதுவும் இல்லை, மருத்துவமனையில் கையில் ஊசி நிற்க ஒட்டுவார்களே, அந்தக் காகித டேப்தான். டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. மைக்ரோபோர் என்று கேட்டால் நம் ஊர் மருந்துக்கடை எதிலும் எடுத்துக் கொடுப்பார்கள். மெல்லியது, கழற்றும்போது தோலைப் பிய்க்காது. கொப்புளத்தின் மேலேயே ஒட்டலாம் என்பது இதன் பெரிய பலம்.

பலவீனம் பசைதான். நனைந்தால் விட்டுவிடும். லியூகோபிளாஸ்ட் என்ற துணிப் பிளாஸ்திரி அதைவிடக் கெட்டியாக நிற்கும், ஆனால் கொப்புளத்தின் மேல் ஒட்டிக் கழற்றினால் தோலும் கூடவே வரும், அதனால் நல்ல தோலில் மட்டுமே ஒட்ட வேண்டும். தசைப்பிடிப்புக்கு ஒட்டும் இழுவை டேப், குதிகாலின் வளைவுக்கும் விரல்களுக்கும் நன்றாக வளைந்து கொடுக்கிறது. விலை அதிகம். நான் முன்பாதத்துக்கு மைக்ரோபோர், குதிகாலுக்கு இழுவை டேப் என்று பிரித்துக்கொண்டேன். எதுவாக இருந்தாலும் ஒட்டும் முறையில்தான் பாதி விஷயம் இருக்கிறது. கழுவி, துடைத்து, நன்றாக உலர்ந்த காலில் ஒட்ட வேண்டும். மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும், ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது. அடியில் எண்ணெயோ வாஸ்லினோ துளியும் கூடாது. வாஸ்லினும் டேப்பும் சேர்த்தால் இரண்டு மடங்கு பாதுகாப்பு என்று நினைத்து நான் செய்த ஓட்டத்தில், 6 கிலோமீட்டரிலேயே டேப் சாக்ஸுக்குள் பந்தாக உருண்டுகொண்டிருந்தது.

சாக்ஸ் விஷயத்தில் பருத்தி வேண்டாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். காரணம் சரிதான், பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்கிறது. 1990இல் நீண்ட தூர ஓட்டக்காரர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், மெத்தை வைத்த அக்ரிலிக் சாக்ஸைவிடப் பருத்தி சாக்ஸில் இரண்டு மடங்கு கொப்புளம் வந்தது, அவை மூன்று மடங்கு பெரிதாகவும் இருந்தன. ஆனால் அதே ஆய்வாளர்கள் சில வருடம் கழித்து வேறு சாதாரண வடிவமைப்பு சாக்ஸை வைத்துச் சோதித்தபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. அதனால் துணி மட்டும் போதாது, பின்னலும் அளவும் சேர்ந்தால்தான் பலன். காலோடு கச்சிதமாக, குதிகால் வளைவு சரியான இடத்தில் உட்காரும் பாலியெஸ்டர் அல்லது நைலான் கலந்த சாக்ஸ் இரண்டு ஜோடி வாங்குங்கள். ஃப்ரீ சைஸ் என்று விற்பதை வாங்காதீர்கள். விரல் பிரிந்த சாக்ஸ் விரல் இடுக்கில் கொப்புளம் வருபவருக்கு மட்டும் தேவை, அவர்களுக்கு அது நிஜமாகவே தீர்வு. முன்பாதத்தில் வந்த என் கொப்புளத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

வியர்வையையே நிறுத்திவிட்டால்? அலுமினியம் குளோரைடு கலந்த வியர்வைத் தடுப்பானை அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி மாணவர்களின் பாதத்தில் தடவி, 21 கிலோமீட்டர் நடக்கவைத்து 1990களில் சோதித்தார்கள். குறைந்தது மூன்று இரவு தடவியவர்களில் 21 சதவீதம் பேருக்குக் கொப்புளம் வந்தது, வெறும் போலிக் கரைசல் தடவியவர்களில் 48 சதவீதம் பேருக்கு. எண்ணைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது. ஆனால் தடவியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தோல் அரிப்பும் எரிச்சலும் வந்தது. பந்தயத்துக்கு ஐந்து வாரம் முன்பு அந்தச் சூதாட்டத்தில் நான் இறங்கவில்லை. மிக அதிகமாகக் கால் வியர்ப்பவர்கள் தோல் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, பருவத்தின் ஆரம்பத்திலேயே முயன்று பார்க்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஷூ. கொப்புளம் வரும் இடமே காரணத்தைச் சொல்லிவிடும். குதிகாலில் வந்தால் ஷூவுக்குள் குதிகால் ஏறி இறங்குகிறது. ஷூவின் மேலே கடைசியாக இருக்கும் அந்த உபயோகிக்காத துளையில் லேஸை வளையமாக விட்டுக் குறுக்கே இழுத்துக் கட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும், காசே செலவில்லை. விரல் நுனியில் வந்தால் ஷூ சிறியது. நீண்ட ஓட்டத்தில் பாதம் வீங்கும், அதனால் மாலை நேரத்தில் போய், ஓடும் சாக்ஸைப் போட்டுக்கொண்டு, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிற ஷூவாக வாங்க வேண்டும். முன்பாதத்தில் வந்தால் பாதம் உள்ளுக்குள் முன்னோக்கி வழுக்குகிறது என்று பொருள். என்னுடையது அதுதான். லேஸை நடுவில் இறுக்கி, முன்னால் தளர்த்தியதும் பாதிப் பிரச்சினை குறைந்தது.

இன்னொன்று, இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தண்ணீர் கொடுக்கும் இடங்களில் தலையில் ஊற்றிக்கொள்ளும் தண்ணீர் எல்லாம் கால் வழியாக வழிந்து ஷூவுக்குள்தான் இறங்குகிறது. வெயில் ஏறியபிறகு தலையை நனைக்காமல் முடியாது என்பது உண்மை. குனிந்து, தலையை முன்னால் நீட்டி ஊற்றிக்கொண்டால் சாக்ஸ் தப்பிக்கிறது.

ஓய்வா, ஓட்டமா

காலில் ஷூ இல்லாமல் வீட்டுக்குள் நடந்து பாருங்கள். நொண்டாமல் நடக்க முடிந்தால், மூடி டேப் ஒட்டிக்கொண்டு குறைந்த தூரம் ஓடலாம். நொண்டினால் ஓடக் கூடாது. பாதத்தைச் சாய்த்துச் சாய்த்து வைத்து ஓடும்போது அந்தச் சுமை முட்டிக்கும் இடுப்புக்கும் போகிறது. கொப்புளம் ஒரு வாரத்தில் ஆறும், முட்டி அப்படி ஆறாது. எங்கள் குழுவில் ஒருவர் ஒரு சின்னக் குதிகால் கொப்புளத்தைப் பொறுத்துக்கொண்டு 24 கிலோமீட்டர் ஓடினார். இடுப்பு வலியோடு அந்தப் பந்தயத்தையே விட வேண்டியதாயிற்று. அவர் தவித்த தவிப்பைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கொப்புளத்தின் அடியில் புதுத்தோல் உருவாகும் வேகமும் கணக்குப் போட உதவுகிறது. ஒரே நாளில் செல்கள் வேகமாகப் பெருக ஆரம்பிக்கின்றன, ஐந்தாம் நாள் வாக்கில் மேலே ஒரு மெல்லிய காப்புத்தோல் வந்துவிடுகிறது. ஞாயிறு வந்த கொப்புளத்துக்குத் திங்கள், செவ்வாய், புதன் ஓட்டம் வேண்டாம். சைக்கிள் மிதியுங்கள். மூன்று நாளில் மூச்சுத் திறன் எங்கும் போய்விடாது. வியாழன் நடந்து பார்த்து, வெள்ளி 5 கிலோமீட்டர் மெதுவாக ஓடலாம். அடுத்த ஞாயிறு நீண்ட ஓட்டத்தை 30லிருந்து 20ஆகக் குறைத்து, 30ஐ ஒரு வாரம் தள்ளிப் போடலாம். நான் அப்படித்தான் செய்தேன். பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு அந்த 30 வந்து விழுந்தது, திட்டம் கெடவில்லை.

அந்த 30ஐ ஓடும்போது பந்தய நாளில் போடப்போகும் அதே ஷூ, அதே சாக்ஸ், அதே டேப்தான். முந்தின ராத்திரியே கால் கழுவி, நகம் வெட்டி, டேப் ஒட்டிக்கொண்டு படுத்தேன். விடிகாலை அவசரத்தில் ஒட்டினால் சுருக்கம் விழுந்துவிடுகிறது. முன்பாதத்து மைக்ரோபோர் 27 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் ஓரம் விட ஆரம்பித்தது காலுக்குத் தெரிந்தது. முடித்துவிட்டு மெரினா மணலோரத்தில் உட்கார்ந்து கழற்றிப் பார்த்தபோது, அடியில் தோல் சிவந்திருந்தது, நீர் கோக்கவில்லை. அடுத்த ஓட்டத்துக்கு அதே இடத்தில் மைக்ரோபோருக்கு மேலே இழுவை டேப்பை ஒரு சுற்று, பாதத்தின் மேல்பக்கம் வரை கொண்டுபோய் ஒட்டிப் பார்க்கப் போகிறேன்.